சனி ஞாயிறு மட்டும் வந்த அம்மன்

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. கம்பெனியில் இப்போது வேலை பார்ப்பவர்கள் எப்போதாவது போன் செய்வார்கள். என் உடம்பைப் பற்றி விசாரிக்க இல்லை. நான் போட்ட புகைக்குழாய் எந்தச் சுவருக்குள் ஒளிந்திருக்கிறது என்று கேட்க. போன மாதம் ஒருவர் வேறு கேள்வி கேட்டார்.

"அண்ணா, நாம போடுற ஒவ்வொரு காத்துத் துளைக்கும் மேல ஒரு தகடு அடிக்கிறோமே, 'இது காற்று வரும் வழி, சாமி இல்லை, விளக்கு வைக்காதே'ன்னு. பார்க்கிறவன் எல்லாம் சிரிக்கிறான்ணா. இன்னா கம்பெனிடா இதுன்றான். அத எழுதுனது யாரு? எடுத்துடலாமா?"

எழுதியது நான். எடுக்கக் கூடாது. காரணத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "சரிண்ணா, சைட்ல கீறேன்" என்று வைத்துவிடுவார். அதனால் எழுதி அனுப்புகிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கும் நேரத்திலாவது படிக்கட்டும்.

என் தொழில் புகையை வீட்டை விட்டு வெளியே அனுப்புவது. திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. மூன்று அண்ணன்களுக்குப் பிறகு நிலத்தில் எனக்கு மிஞ்சியது வரப்பு மட்டும்தான் என்பதால் செங்கல்பட்டில் ஒரு பட்டறையில் தகரம் மடிக்கச் சேர்ந்தேன். பதினைந்து வருடம் மடித்தேன். கல்யாண மண்டபம், மெஸ், பேக்கரி என்று எல்லாக் கூரையிலும் என் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பதினைந்து வருடத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: புகை மேலே போகும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். போகாது. போகச் சொல்லி நாம்தான் வழி பண்ண வேண்டும்.

பிறகு பெல்லட் அடுப்பு வந்தது, அதைப் பொருத்தும் கம்பெனியில் சேர்ந்தேன். மரத்தூளையும் கடலைத் தோட்டையும் அழுத்திக் கோழித் தீவனம் போல உருட்டிய எரிபொருள்தான் பெல்லட். அடுப்புக்கு மேல் ஒரு பெட்டியில் அதைக் கொட்டிவிட்டால், ஒரு திருகுக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும், ஒரு சின்ன விசிறி ஊதும், தீ பிடித்துக்கொள்ளும். அடித்தளத்தில் சமையலறை வைத்த ஓட்டல்காரர்களுக்கு இது தெய்வம் அனுப்பியதுபோல இருந்தது. ஏனென்றால் கேஸ் சிலிண்டரைத் தரைக்குக் கீழே வைக்க விடமாட்டார்கள். கேஸ் கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்தில் தேங்கும். பெல்லட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு வேறு தொல்லை உண்டு, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சமயம் எங்கள் கம்பெனிக்கு மேலாளராக வந்தவர் எஸ்தர் மேடம். என் மூத்த மகளைவிட இரண்டே வயது பெரியவர். டிப்ளமோ படித்தவர். அவருடைய அப்பா ஒரு காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். இந்தச் செய்தி தெரிந்ததும் என் பெரியப்பா, "அவங்க பொண்ணு கிட்டயா நீ கைகட்டி நிக்கிற?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். மூன்றாம் நாள் சாப்பிட்டார். உலகம் அப்படியே இருந்தது.

மேடம் சத்தம் போட மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். மூன்றாவதற்குப் பதில் சொல்வதற்குள் நமக்கே நம் தப்பு தெரிந்துவிடும். அவருடைய கைப்பையில் பைபிளும், டேப்பும், ஒரு பாக்கெட் ஊதுவத்தியும் எப்போதும் இருக்கும். ஊதுவத்தியைப் பார்த்துவிட்டுப் பல ஓட்டல் முதலாளிகள் அவரை ரொம்ப பக்தியான பொம்பளை என்று நினைத்து, பூஜை அறையைத் திறந்துகாட்டியதுண்டு. அவர் அதை ஏற்றுவது சாமிக்கு இல்லை.

அடுப்பைப் பொருத்தி முடித்ததும் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொல்வார். சமையலறையின் புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் போடச் சொல்வார். அடுப்பை முழுத் தீயில் வைத்து இருபது நிமிடம் காத்திருப்பார். யாரும் பேசக் கூடாது. பிறகு ஊதுவத்தியைக் கொளுத்தி மூன்று இடத்தில் பிடிப்பார். முதலில் கதவடியில். அங்கே புகை பலமாக இழுபடக் கூடாது. அடுத்து அடுப்பு வாயின் விளிம்பில். அங்கே புகை அடுப்புக்குள் சாய வேண்டும். கடைசியாகக் காற்றுத் துளையில். அங்கே புகை அறைக்குள் சாய வேண்டும். அடுப்பும் விசிறியும் ஒரே அறையின் காற்றைத்தான் குடிக்கின்றன. விசிறி பெரியது. வெளியிலிருந்து புதுக்காற்று வர வழி இல்லையென்றால், விசிறி அடுப்பின் குழாயையே வழியாக்கி அதற்குள் இருக்கும் புகையைத் திரும்ப உள்ளே இழுத்துவிடும். கறுப்புப் புகையாக வந்தால்கூடப் பரவாயில்லை, இருமிக்கொண்டு வெளியே ஓடலாம். வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

"வத்தி இன்னா சொல்லுதுண்ணா?" என்று கேட்பார். செங்கல்பட்டுக்காரர்தானே, களைப்பாக இருந்தால் பேச்சு அப்படித்தான் வரும். நான் சொன்னால்தான் நோட்டில் எழுதுவார்.

இப்போது அந்த ஓட்டல். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் புதிதாகக் கட்டினார்கள். மேலே இன்னொரு மாடிக்கு அனுமதி கிடைக்காததால் முதலாளி கீழே தோண்டிவிட்டார். பாதி பூமிக்குள், பாதி வெளியே, அங்கே சமையலறை. மேலே குளிர்சாதனம் போட்ட சாப்பாட்டுக் கூடம். மலைக்கோயிலுக்கு வந்துவிட்டுக் கடற்கரைக்குப் போகிற பஸ் கூட்டம்தான் அவர்களுக்கு வியாபாரம்.

புகைக்குழாயை நான் நன்றாகவே போட்டேன். இதை நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. ஆறு அங்குலம், இரட்டைச் சுவர், துருப்பிடிக்காத எஃகு. கடல்காற்று சாதாரணத் தகரத்தை இரண்டு வருடத்தில் அப்பளம் ஆக்கிவிடும். அடுப்பிலிருந்து சுவர் வரை படுக்கைக் குழாய் மிகக் குறைவு, அதுவும் வெளிப்பக்கம் ஏறும்படி சாய்வு. வெளியே சாம்பலைத் தட்டிக் கொட்ட ஒரு மூடி. அங்கிருந்து மொட்டை மாடிக்கு மேல் தலை தெரியும்படி உயரம். ஒவ்வொரு மூட்டுக்கும் சூடு தாங்கும் பசை.

எதிர்ச்சுவரில், தோள் உயரத்தில், காற்றுத் துளை. ஒரு அடிக்கு ஒரு அடி. வெளியே அது தரை மட்டத்தில் திறக்கும். எலி வராமல் கம்பி வலை.

சுவரை வெட்டுவதற்கு முன் நான் எப்போதும் செய்கிற ஒரு வேலை உண்டு. வெட்டும் இடத்தைச் சுற்றி மஞ்சள் தடவி, நான்கு மூலையிலும் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் கட்டரை வைப்பேன். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான். எங்கள் ஆள் ஒருவர் அதைச் செய்யாமல் வெட்டி, மின்சாரக் கம்பியில் பட்டு மூன்றடி தள்ளி விழுந்தார். கம்பி இருப்பதைக் குங்குமம் எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மேடம் மட்டும் ஒரு தரம், "கம்பி எங்க போவுதுன்னு வரைபடத்தையும் ஒரு வாட்டி பாருங்கண்ணா" என்றார்.

வெட்டி முடித்து, ஊதுவத்தி வைத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று எழுதினோம். துளைக்கு உள்பக்கம் போட வேண்டிய கம்பிச் சட்டம் மட்டும் வந்து சேரவில்லை. வந்ததும் போடுகிறேன் என்று சொன்னேன். போகும்போது ஓட்டல் மேனேஜரிடம், "இத மட்டும் மூடக் கூடாது சார்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். சட்டம் வந்தது. அது எங்கள் கிடங்கில் தூசி பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வேறு வேலை வந்துவிட்டது.

நான்கு மாதம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். தீ மஞ்சளாக எரிகிறது, அடுப்புக் கண்ணாடி கறுத்துப்போகிறது என்று புகார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். அங்கே என் காற்றுத் துளையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மாடம் இருந்தது. உள்ளே கண்ணாடி போட்ட அம்மன் படம், முன்னால் அகல் விளக்கு, சுற்றிலும் மஞ்சள், குங்குமம், கலர் பல்பு மாலை. வெளியே போய்ப் பார்த்தேன். கம்பி வலை சுத்தமாக இருந்தது. சரி, படத்துக்குப் பின்னால் காற்று வருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டதோடு சரி. படத்தை நகர்த்திப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். மகளுக்குச் சிறுசேரியில் வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் போட்ட ஓட்டையிடமே வேண்டிக்கொண்டேன். அவளுக்கு வேலை கிடைத்தது, அது வேறு விஷயம்.

கண்ணாடியைத் துடைத்தேன், சாம்பலைத் தட்டினேன், திரும்பினேன். மேடம் மூன்று கேள்வி கேட்டார்.

"எத்தன மணிக்குப் போனீங்க?"

"ஒம்போது மணி மேடம்."

"கதவு தொறந்து இருந்துச்சா, சாத்தி இருந்துச்சா?"

"தொறந்து இருந்துச்சு."

"காத்து ஓட்டைல வத்தி வச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்" என்றேன். பொய். என் வயதில் பாதி இருக்கிற பெண்ணிடம், கும்பிட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல வெட்கம். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மேடம் ஆராதனை முடித்து நேராக வந்திருந்தார். திருக்கழுக்குன்றத்தில் ஒரு மண்டபத்துச் சமையல்கட்டை அளந்துகொண்டிருந்தோம். பதினொன்றரைக்கு மேனேஜரின் போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாத்த, கண்ணாடி மறுபடியும் கறுத்துப் போச்சு. நாளைக்கு வாங்க, இன்னிக்கு வேணாம். இன்னிக்கு ரெண்டு பஸ்ஸு, செம பேஜாரு. அதோட அம்மா வேற வந்துடுவாங்க."

"எந்த அம்மா?"

"உங்களுக்குத் தெரியாதா? நம்ம கிச்சன்ல அம்மன் வச்சோம்ல, பாத்திரம் கழுவுதே தேவகி, அது மேல எறங்குது. மூணு வாரமா. வாக்கெல்லாம் சொல்லுது."

மேடம் டேப்பைச் சுருட்டிவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் வந்தார். "சாமி எந்தக் கிழமைல சார் வருது?"

"சனி, ஞாயிறு மேடம்."

"எத்தன மணிக்கு?"

"பன்னெண்டு, பன்னெண்டரைக்கு. கரீட்டா."

"அப்ப அடுப்பு, விசிறி எல்லாம் புல்லா ஓடுமா?"

"சனி ஞாயிறுதான மேடம் கும்பலே. ஓடாம?"

"அடுப்ப நிறுத்துங்க. கதவத் தொறங்க. இப்பவே" என்றார். அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, "அப்புறம் பேசறேன்" என்று அவர் வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். "வண்டில ஏறுங்கண்ணா."

காரில் அவர் எதுவும் கேட்கவில்லை. நான்தான் வழியெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தேன். அம்மன் படம், மாடம், நான்கு மூலையிலும் குங்குமம். அது என் விரல் வைத்த குங்குமம் என்று எச்சூர் தாண்டும்போதுதான் உறைத்தது. 

சமையலறைக் கதவுகள் சாத்தியிருந்தன. மேலே ஏசி ஓடுகிறதாம், தாளிக்கும் நெடி போகக் கூடாதாம். உள்ளே ஒன்பது பேர். விசிறி இரைந்துகொண்டிருந்தது. மாடத்துக்கு முன்னால் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு தேவகி ஆடிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. சுற்றிலும் நான்கு பேர் கும்பிட்டு நின்றார்கள். மேனேஜர் குனிந்து, "தாயே, வண்டலூர்ல ரெண்டாவது கிளை போடலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தாய் பதில் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து மெதுவாக வழுக்கித் தரையில் உட்கார்ந்து, அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். ஒருத்தி தீர்த்தம் தெளித்தாள்.

மாடத்து விளக்கைப் பார்த்தேன். சுடர் அசையாமல் நின்றது. காற்று வர வேண்டிய இடத்தில் விளக்கு நிமிர்ந்து எரிந்தது. வத்தியெல்லாம் தேவைப்படவில்லை.

மேடம் கதவு இரண்டையும் திறந்துவிட்டு, அடுப்புக்குப் பெல்லட் தள்ளும் சுவிட்சை நிறுத்தினார். "எல்லாரும் மேல போங்க. அண்ணா, காலைப் பிடிங்க" என்று தேவகியின் தோளுக்கடியில் கை கொடுத்தார். தலைமைச் சமையல்காரர், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர், குறுக்கே வந்தார்.

"சாமி எறங்கி கீது. யாரும் தொடக் கூடாது. அதுவும் நீங்க வேற..." என்று மேடத்தின் வெறும் நெற்றியைப் பார்த்து நிறுத்தினார்.

"சாமி எங்கயும் போவாது மாஸ்டர். இந்தம்மா போயிடுவாங்க" என்றார் மேடம். சத்தமாகச் சொல்லவில்லை.

மாஸ்டர் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய முழங்கால் மடங்கி வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வாக்கில் வாந்தி எடுத்தார். மாஸ்டர் மேலும் சாமி வந்துவிட்டதாக யாரும் நினைக்கவில்லை. எல்லோரும் படியேறி ஓடினார்கள். நாங்கள் தேவகியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே புங்கமரத்தடியில் கிடத்தினோம். உதடு செக்கச் செவேல் என்று இருந்தது, அந்த வாயு ரத்தத்தில் ஏறினால் அப்படித்தான் ஆகுமாம். மூச்சு இருக்கிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். இருந்தது.

ஆம்புலன்சில் மேடமும் ஏறிக்கொண்டார். ஏறும்முன் காரிலிருந்து சுத்தியலை எடுத்து என் கையில் கொடுத்தார். "நான் ஒடச்சா நாளைக்கு ஊர்ல வேற பேச்சாயிடும். நீங்க ஒடைங்க. உங்க ஓட்டைதான."

படத்தை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தேன். பின்னால் ஒரு வெள்ளை டைல், சுற்றிலும் சிமென்ட். நேர்த்தியான வேலை. யார் வைத்தது என்று கேட்டேன். வாசலில் நின்ற ஒரு பெண் சொன்னாள். துளை மாடம் மாதிரி இருந்தது, பொட்டும் வைத்திருந்தது, சாமிக்கு விட்ட இடம் என்று நினைத்துப் படம் வைத்தார்களாம். விளக்கு ஏற்றினால் அணைந்துகொண்டே இருந்ததாம். புது ஓட்டலில் அம்மன் விளக்கு அணைவது நல்லதில்லை என்று ஆளாளுக்குப் பயந்து, ஒரு கொத்தனாரைப் பிடித்துப் பின்பக்கம் அடைத்துவிட்டார்களாம். அதன் பிறகு விளக்கு அணையவே இல்லை.

விளக்கு அணைந்துகொண்டிருந்த வரைக்கும் காற்று வந்திருக்கிறது, ஒன்பது பேரும் உயிரோடு இருக்க என் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. டைலை உடைத்தேன். விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் காற்று முகத்தில் வந்து அடித்தது. விளக்கு பட்டென்று அணைந்தது. அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும்தான்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தேவகிக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்ன பிறகு மேடம் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரே கேள்விதான் கேட்டார்.

"காத்து ஓட்டைல வத்தி வச்சுப் பார்த்தீங்களா?"

"இல்ல மேடம்."

"ஒம்போது பேருண்ணா" என்றார்.  அறிக்கையில் என் பெயரை எழுதினார், அதற்குக் கீழே சட்டம் போட்டதா என்று சரிபார்க்காததற்காகத் தன் பெயரையும் எழுதினார். அவர் கத்தியிருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன்.

நான்காம் நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு தேவகியைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஆனால் போனதும் வாயில் வந்தது வேறு. "மூடக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தானம்மா போனேன்" என்றேன்.

"யார் கிட்ட சொன்னீங்க?"

"மேனேஜர் கிட்ட."

"மேனேஜரா அங்க நின்னு வேகறாரு?" என்றாள். ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத் தலை நிமிரவில்லை. இத்தனை வருடமாக நான் எல்லா இடத்திலும் மேனேஜரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

அவளே தொடர்ந்தாள். "மொத வாரம் மெய்யாலுமே தல சுத்துச்சுண்ணா. கீழ வுழ வேண்டியது, மாடத்தப் புடிச்சுகினேன். அம்மா வந்துட்டாங்கன்னு கத்திட்டாளுங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் பார்த்தா மேனேஜரு நாற்காலி போடறாரு. ஏய் தேவகி, ஏய் தேவகின்னு நாளெல்லாம் வெரட்டற மாஸ்டரு, சாப்டியாம்மான்னு கேக்கறாரு. பதினேழு வருசமா பாத்திரம் தேய்க்கிறேன், ஒருத்தன் கேட்டது கெடையாது. ரெண்டாவது வாரம் தல சுத்தும்போது கொஞ்சம் நானா சேர்த்து ஆடுனேன்."

"தல வலிக்குதுன்னு யார் கிட்டயாவது சொல்லி இருக்கலாமே."

"தல வலிக்குதுன்னா லீவு போட்டுட்டு வூட்டுக்குப் போடின்னுவான். சாமின்னா நாற்காலி." சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். "இப்ப ஓட்டையத் தொறந்துட்டீங்க. இனிமே எனக்கு யாருண்ணா நாற்காலி போடுவான்?"

 வந்து மேடத்திடம் அப்படியே சொன்னேன். அவர் உடனே ஓட்டல் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார். தினமும் அடுப்பைப் பற்றவைக்கும்முன் காற்றுத் துளையில் ஊதுவத்தி வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அந்தச் சமையலறையிலேயே வேலை செய்பவராக இருக்க வேண்டும். அந்த ஆள் சரி என்று சொல்லாமல் அடுப்பு எரியக் கூடாது. இல்லையென்றால் எங்கள் உத்தரவாதம் செல்லாது. அந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர் என்று தேவகியின் பெயரையும் எழுதினார். பயிற்சியை நான் போய்க் கொடுத்தேன். பத்து நிமிடம்தான் ஆனது. அவளுக்குப் புகையைப் பற்றி என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. அம்மன் படம் மேலே கல்லாவுக்குப் போயிற்று. துளைக்குச் சட்டம் போட்டு, தகட்டையும் நானே எழுதி அடித்தேன். அன்றிலிருந்து, வெட்டி முடித்த கையோடு மஞ்சள் குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். வெட்டும்முன் வைப்பதை மட்டும் விடவில்லை. வரைபடத்தையும் பார்ப்பேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஓட்டலுக்குப் போயிருந்தேன். வெளியே மூன்று பஸ் நின்றன. கீழே மாஸ்டர் தோசைக்கல்லுக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மேனேஜர் படியில் பாதி இறங்கி நின்று கடிகாரத்தைப் பார்த்தார். காற்றுத் துளைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தேவகி, கையில் ஒரு ஊதுவத்தி.

புகை நன்றாக உள்பக்கம் சாய்ந்திருந்தது. வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது.

"தேவகிம்மா, இன்னா சொல்லுது?" என்றார் மாஸ்டர், பயபக்தியோடு.

தேவகி என்னைப் பார்த்தாள். புகையைப் பார்த்தாள். காலை நீட்டி நாற்காலியில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"இரு மாஸ்டர், பார்த்துகினு கீறேன்ல" என்றாள்.